நாற்பத்து மூன்றாம் எண் கோட்டு

பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கையெழுத்துக்கு ஈரம் கிடையாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் இருந்தவருக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. அல்லது தெரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் கையெழுத்துப் போட்டாலும் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, குனிந்து, கன்னம் உப்ப மூன்று முறை ஊதுவார். அதற்குப் பிறகுதான் போர்வை கைக்கு வரும். முகத்துக்கு நேரே எல்லோரும் அவரைத் துணியண்ணன் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் ஊதுகுழல்.

கட்டு அறை நர்ஸ் அந்த ஊதலைப் பதினோரு வருடம் பார்த்தாள். முதல் நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா தையல் கம்பெனியில் நாளெல்லாம் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். மகள் வேலைக்குச் சேர்ந்ததும், கிடங்கில் கொடுக்கும் கோட்டுக்கெல்லாம் அக்குள் கிழிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நல்ல துணி எடுத்து அம்மாவே ஒரு வெள்ளைக் கோட்டுத் தைத்துக் கொடுத்தாள். காலர் மட்டும் கொஞ்சம் அதிக மிடுக்காக இருக்கும். கை அதற்குப் பழகியது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் நடக்கும்போதெல்லாம், யாராவது வந்து "நீ இங்கே இருக்க வேண்டிய ஆள்தானா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. யாரும் கேட்கவில்லை. துணியண்ணன் மட்டும் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு தலையணை உறை பாக்கி இருக்கு சிஸ்டர்."

"எப்ப எடுத்தேன்?"

"போன மாசம் ஒன்பதாம் தேதி. உங்க கையெழுத்துதான். நான் ஊதினதுகூட ஞாபகம் இருக்கு."

"வயித்துல கத்திக்குத்தோட ஒருத்தர் வந்தாரு. ரத்தத்தை நிறுத்த வேற எதுவும் கைக்குக் கிடைக்கல. உறையைச் சுருட்டி வச்சு அமுக்கினேன்."

"ஆள் பொழச்சாரா?"

"பொழச்சாரு."

"அப்பச் சௌகரியமாத்தான் இருக்காரு. கேட்டு வாங்கிட்டு வாங்க."

இந்தப் பேச்சை அவர்கள் இரண்டு வருடம் பேசினார்கள். 'போன மாசம்' மட்டும் 'போன வருஷம்' ஆனது; வேறு ஒரு வார்த்தை மாறாது.

துணியண்ணன் பத்தொன்பது வயதில் சலவைக் கூடத்துக்கு வந்தவர். போர்வை வேகும் அண்டாவில் கைவிட்டு வலது முழங்கைக்குக் கீழே தோல் வெந்து, சுருங்கிய காகிதம் மாதிரி ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு. எழுத்து மட்டும் அச்சுக் கோத்தது போல இருக்கும். கிடங்குக்கு மாற்றிய முதல் வருடமே பன்னிரண்டு கம்பளி காணாமல் போனது. அவை யார் வீட்டுக் கட்டிலில் கிடந்தன என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும். ஆனால் கம்பளி போனதற்குக் காகிதம் இல்லை. துணியண்ணன் கிடங்கில் இருந்ததற்குக் காகிதம் இருந்தது. எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தவர் கையோடு ஒரு நோட்டும், நூல் கட்டிய பேனாவும் கொண்டுவந்தார்.

நோட்டில் கட்டம் கட்டமாக இருக்கும்: என்ன பொருள், எந்த எண், எந்த நிலையில், யார் எடுத்துப் போகிறார், எதற்கு, எப்போது திரும்பும். கடைசியில் கையெழுத்து. பெரிய டாக்டரே ஒரு துண்டு கேட்டாலும் இந்த ஏழு கட்டத்தையும் தாண்டித்தான் முகம் துடைக்க முடியும். வீட்டிலும் அப்படித்தான் என்று பேச்சு. மழை நாளில் மச்சான் குடை வாங்கிப் போனால், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் காலண்டரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். "இந்த மனுஷன் எமன் வந்தாலும் கையெழுத்து வாங்காம உயிரைக் குடுக்க மாட்டார்" என்று அவர் மனைவியே ஒரு தடவை நர்ஸிடம் சொன்னாள். புகழ்ந்தாளா வைதாளா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நர்ஸின் நான்காவது வருடத்தில்தான் ஆலை வாசலில் தடியடி நடந்தது. கூலி உயர்வு கேட்டு உட்கார்ந்தவர்களைப் போலீஸ் எழுப்பிய விதத்தில், மதியத்துக்குள் முப்பத்தொரு பேர் கட்டு அறைக்கு வந்துவிட்டார்கள். நர்ஸ் கை ஓயாமல் தைத்தாள். கட்டு அறை வழக்கப்படி அவள் எழுதி வைத்தது இவ்வளவுதான்: இத்தனை முழம் கட்டுத்துணி, இத்தனை தையல் நூல், இத்தனை ஊசி. பெயர் எழுத அங்கே கட்டமே கிடையாது.

இரண்டு நாள் கழித்துப் பெயர்ப் பட்டியல் கேட்டுப் போலீசிலிருந்து ஆள் வந்தது.

"என்கிட்ட நூல் கணக்குதான் சார் இருக்கு" என்றாள்.

"மூஞ்சி ஞாபகம் இருக்குமில்ல?"

"நான் பாத்தது மண்டையை. மூஞ்சியை இல்ல."

பக்கத்தில் நின்ற பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தன் வாய்க்கு யார் பட்டம் கொடுத்தது என்று அவளே அன்று சாயங்காலம் யோசித்தாள். கல்லூரியில் கொடுத்தது செவிலியர் பட்டம் மட்டும்தான்.

அடுத்த புதன்கிழமை, பதினோரு மணிக்கு வந்தார்கள். சாதாரண உடுப்பில் ஓர் அதிகாரி, சீருடையில் ஒரு கான்ஸ்டபிள். காயம்பட்டவர்களை ஒளித்து வைத்தாள் என்று சந்தேகமாம். உத்தரவு எதுவும் காட்டவில்லை. அவள் ஒரு குதிகால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டு, கை கழுவி, அவர்களோடு நடந்தாள். நடையில் அன்று எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. மருந்து கொடுப்பவர் காலி பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். எக்ஸ்ரேக்காரர் சுவரில் இருந்த பழைய நோட்டீசை முதல் வரியிலிருந்து படித்தார். பெரிய டாக்டர் மட்டும் வழியனுப்புகிறவர் போலக் கூடவே வந்தார்.

நடையின் கடைசியில் துணிக்கிடங்கு. அதன் வாசலில், நோட்டை மார்போடு அணைத்தபடி, வழியை அடைத்துக்கொண்டு துணியண்ணன் நின்றார்.

"சார், ஒரு நிமிஷம்."

"யாருய்யா நீ?" என்றார் அதிகாரி.

"துணிக்கிடங்கு சார். சிஸ்டர் போட்டிருக்கிறது கிடங்குக் கோட்டு. வெளியே போகுதுன்னா கையெழுத்து வேணும்."

நர்ஸுக்குப் பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. "இது என் கோட்டு. எங்கம்மா தச்சது."

"நீங்க பேசாதீங்க சிஸ்டர். ரெண்டு உறை பாக்கி வச்சிருக்கிற ஆள் நீங்க."

"யோவ், வழியை விடுய்யா" என்றார் பெரிய டாக்டர். "விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

"தாராளமாக் கூட்டிட்டுப் போகட்டும் டாக்டர். சிஸ்டரை வேணாம்னு நான் சொன்னேனா? கோட்டைத்தானே கேக்கறேன். நாளைக்கு ஆடிட்டுல என் தலையைத்தான் உருட்டுவாங்க."

"கழட்டிக் குடுத்துட்டு வாம்மா" என்றார் அதிகாரி, மணியைப் பார்த்தபடி.

"அது முடியாதுங்க சார். கட்டு அறைக் கோட்டு. சீழ், ரத்தம் எல்லாம் பட்டது. வெறுங்கையால வாங்கினா எனக்குத்தான் தொத்தும். சலவைச் சோடாத் தண்ணி காயணும், ஒரு மணி நேரம் ஆகும். நீங்க உக்காருங்க. உக்கார்ற பெஞ்சுக்கு விரிப்பு வேணும்னா அதுக்கும் ஒரு கையெழுத்து..."

"போட்டுத் தொலைய்யா" என்று அதிகாரி கான்ஸ்டபிளைப் பார்த்துச் சொன்னார்.

துணியண்ணன் ஜன்னல் விளிம்பில் நோட்டை விரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "வெள்ளைக் கோட்டு ஒண்ணு. எண் நாப்பத்திமூணு. நிலை... கோட்டு நல்ல நிலை. உள்ளே கட்டு அறை நர்ஸ். அவங்களும் நல்ல நிலை, உடம்புல காயம் இல்லை."

"அதை எதுக்கு எழுதற?"

"கிழிசல் இருக்கான்னு பாத்து எழுதற கட்டம் சார் அது. காலியா விடக்கூடாது. எடுத்துப் போறது போலீஸ். விசாரணைக்கு. மணி பதினொண்ணு பத்து. எப்பத் திரும்பும் சார்?"

"சாயங்காலம்" என்றார் அதிகாரி, வண்டிப் பக்கம் நடந்துகொண்டே.

"சாயங்காலம்" என்று எழுதினார் துணியண்ணன்.

கான்ஸ்டபிள் கையெழுத்துப் போட்டார். ஒரு நாளைக்கு ஐம்பது இடத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதர். கையெழுத்துக்குக் கீழே தன் எண்ணை எழுதாமல் அவர் கை நிற்காது. எழுதிவிட்டது. துணியண்ணன் நோட்டைத் திருப்பி மூன்று முறை ஊதினார்.

வண்டியில் ஏறும்போது நர்ஸின் மனதில் இருந்தது போலீஸ் மேல் பயம் பாதி. ஊதுகுழல் மேல் ஆத்திரம் பாதி. நாலு வருடமாக என் கோட்டு எது, அவன் கோட்டு எது என்றுகூடத் தெரியாத மனிதன் என்று பொருமினாள்.

அன்று மாலை அம்மா ஸ்டேஷனுக்கு ஓடினாள். "இங்க எந்த நர்ஸும் வரல" என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "விடுப்பு" என்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அவள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் கணக்கில் அவள் பிறக்கவே இல்லை. பிடித்த ஆளை ஒரு நாளுக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பிடிக்கவே இல்லை என்றால் சட்டம் என்ன செய்யும்?

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, வேலைக்குப் போகும் வழியில், துணியண்ணன் நோட்டோடு ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். இந்தப் பகுதியை நர்ஸின் அம்மா பிற்பாடு பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்; நடித்தும் காட்டுவாள். வாசலிலேயே காத்துக் கிடந்தவள் அவள்.

"கோட்டு வரல சார்" என்றாராம் ஸ்டேஷன் எழுத்தரிடம்.

"என்ன கோட்டு?"

"சாயங்காலம் தரேன்னு வாங்கிட்டு வந்தது. சாயங்காலம் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு."

"இங்க கோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்யா."

"சரிங்க சார். அப்ப, கோட்டு தொலைஞ்சு போச்சுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க."

துரத்தினார்கள். அதற்கு அடுத்த நாளும் ஒன்பதரைக்குப் போனார். புகார் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் தன் கோட்டுக் கதையைச் சொன்னார். நான்காவது நாள் எழுத்தர் அவரைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீ மனுஷனாய்யா? ஒரு கிழிஞ்ச கோட்டுக்கா இந்தப் பாடு?"

"கிழியல சார். நல்ல நிலைன்னு எழுதியிருக்கு பாருங்க."

"உனக்கு என்னதான் வேணும்?"

"கோட்டு. இல்லேன்னா ஒரு காகிதம்."

எழுத்தர் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து, 'மேற்படி கோட்டு, நர்ஸிடம் விசாரணை முடிந்ததும் திருப்பித் தரப்படும்' என்று கிறுக்கி, ஸ்டேஷன் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "ஒழிஞ்சு போ."

துணியண்ணன் ஊதினார். வாழ்நாளில் அந்த ஒரு தடவை ஊதலுக்கு வேலை இருந்தது. முத்திரை மை உண்மையிலேயே ஈரம்.

வெளியே வந்து அம்மாவிடம் காட்டினார். "வக்கீல் யாரையாவது தெரியுமா? நோட்டைக் குடுக்க மாட்டேன். ஆனா நானும் கூட வரேன்."

வக்கீலம்மா நோட்டை வாங்கிப் படித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் எழுந்து நின்றுகொண்டு இன்னொரு தடவை படித்தாள். "இதை நான் வச்சுக்கலாமா?" என்றாள். துணியண்ணன் பேனாவை நீட்டினார். பெரிய டாக்டர் அன்று பிற்பகலே ஆள் அனுப்பி நோட்டைக் கேட்டபோது, "வக்கீலம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க டாக்டர், கையெழுத்து இருக்கு" என்று வேறொரு நோட்டைக் காட்டினாராம்.

இது எதுவும் நர்ஸுக்குத் தெரியாது. அவள் ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய சைக்கிள்களும் கட்டுக் காகிதங்களும் குவித்த ஓர் அறையில் இருந்தாள். முதல் நாளே கோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடிக்கவில்லை, மணிக்கட்டை மட்டும் முறுக்கினார்கள். தூங்கவிடாமல் கேள்வி கேட்டார்கள். எல்லாக் கேள்வியும் ஒன்றுதான். ஐந்தாம் நாள் அதிகாரி இறங்கி வந்து இதமாகப் பேசினார். "முப்பத்தொண்ணு வேணாம்மா. ஒரே ஒரு பேர். சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

அவளுக்கு ஒரே ஒரு பெயர் தெரியும். அப்பாவோடு மூட்டை தூக்கியவர், பின்னாளில் ஆலைக்குப் போனவர். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தையைச் சுற்றிக் காட்டியவர். தலையில் ஒன்பது தையல், அவளே போட்டது. வாய்ச் சவடால் எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே வடிந்துவிட்டிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்று முடிவு செய்தாள். இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நல்லவளாக இருந்தது ஐந்து நாளுக்குத்தான், ஆறாம் நாளைக்கு என் கையில் சரக்கில்லை என்று பின்னாளில் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆறாம் நாள்தான் வழக்கு நீதிபதி முன்னால் வந்தது. அப்படி ஒருவரைக் கூட்டி வரவே இல்லை என்றார் போலீஸ் தரப்பு வக்கீல். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சலவை நோட்டைப் படித்தார். காயம் இல்லை என்ற இடத்தில் நிறுத்தினார். கையெழுத்துக்குக் கீழே இருந்த எண் யாருடையது என்று கேட்டார். போலீஸ் தரப்பு வக்கீல் தன் காகிதக் கட்டைப் புரட்டினார். முத்திரைச் சீட்டைக் கையில் எடுத்தார்.

"கோட்டு உங்களிடம் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நடந்து வந்ததா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "நான்கு மணிக்குள் கோட்டையும் அதற்குள் இருந்தவரையும் இங்கே கொண்டுவர வேண்டும்."

மூன்று நாற்பதுக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவது குற்றமாகாது, அவள் வீட்டுக்குப் போகலாம் என்று நீதிபதி சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவளை, அம்மா கட்டிக்கொள்வதற்கு முன்னால் துணியண்ணன் மறித்தார். வக்கீலம்மாவிடமிருந்து வாங்கிய நோட்டு கையில் விரிந்திருந்தது.

"கையைக் காட்டுங்க சிஸ்டர்." காட்டினாள். அவர் எழுதினார்: 'நர்ஸ் மட்டும் திரும்பியது. இடது மணிக்கட்டில் வீக்கம். கோட்டு வரவில்லை.' கூட வந்த கான்ஸ்டபிளிடம் நீட்டினார். அந்த மனிதர் இந்த முறை எண்ணைப் போடாமல் இருக்க மிகவும் முயன்றார். பேனா தாளிலேயே கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் கை ஜெயித்தது.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தவள் நேராகக் கிடங்குக்குப் போனாள்.

"எனக்காகப் பண்ணீங்களாண்ணே, கோட்டுக்காகப் பண்ணீங்களா?"

அவர் போர்வை மடிப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டு உறை பாக்கி வச்சிருக்கிற ஆள் தொலைஞ்சு போனா, நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அம்மா தைத்த இரண்டு உறையை அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்தாள். அளந்து பார்த்தார். ஓரத்தில் காலர் தையல் போட்டிருப்பதாகக் குறை சொன்னார். எடுத்துக்கொண்டார். அடுத்த ஏழு வருடத்தில் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுகூட அவர் அவளுக்குச் சலுகையாகக் கொடுத்ததில்லை.

அவர் ஓய்வு பெறும் மாதத்தில் தணிக்கைக்கு ஆள் வந்தது. சரக்குச் சரிபார்ப்புக்குச் சாட்சியாக ஒரு நர்ஸ் வேண்டும், அவளைக் கூப்பிட்டார்கள். தணிக்கைக்காரர் இரண்டு நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"என்னங்க இது? நாப்பத்திமூணாம் நம்பர் கோட்டு கிழிஞ்சு போச்சுன்னு, கமிட்டி கையெழுத்தோட எரிச்சிருக்கீங்க. எரிச்சு எட்டு வருஷம் கழிச்சு அதே கோட்டைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிருக்கு. சாம்பலையா குடுத்தீங்க?"

நர்ஸ் துணியண்ணனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தைத்த மிடுக்கான காலரைக் கிடங்குக் கோட்டு என்று நினைக்கிற கண் அவருக்கு இல்லை என்பது, ஏழு வருடம் கழித்து அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டம் வாங்கிய மூளை.

"தவறுதலா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிச்சு விட்டுடலாம்" என்றார் தணிக்கைக்காரர்.

"அந்த வரியோட நகல் கோர்ட்டுல இருக்கு சார். சிஸ்டரை மறைச்சு வச்சதுக்கு அந்த அதிகாரி மேல போட்ட கேஸ் இன்னும் முடியல. ஒரு கட்டம் தப்புன்னு நான் எழுதினா, அவரோட வக்கீல் எல்லாக் கட்டமும் தப்புன்னுவார்."

"அப்ப என்னதான் எழுதறது?"

"கோட்டு போனது போனதுதான். என் பேர்ல பாக்கின்னு போடுங்க."

நர்ஸ் அடுத்த நாள் புதுக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அம்மா ஒரே ராத்திரியில் தைத்தது. உள்பக்கம் கறுப்பு நூலில் 43 என்று பின்னியிருந்தாள். அவர் காலரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எரிஞ்சது எப்படிம்மா திரும்பி வரும்? ஒரு பொய்தான் எழுதினேன். அதுக்குக் குட்டி போட வேண்டாம்." அவர் அவளை 'அம்மா' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் அத்தனை பேரையும் ஒரு துண்டுக்காகத் துரத்திய மனிதர், பாக்கியில்லாச் சான்று வாங்காமல் வீட்டுக்குப் போனார். மருந்து கொடுப்பவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு மழைக்காலம் கழித்து, ஒரு காலை நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே துணியண்ணன் போய்ச் சேர்ந்தார். எமனிடம் கையெழுத்து வாங்கினாரா என்று அவர் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. அவளே நர்ஸிடம் சொன்னாள்: "பேனா கையிலதான் இருந்துச்சு. என்ன நடந்துச்சோ."

கேஸ் மேல்கோர்ட்டில் இருக்கிறது. கிடங்கில் இப்போது ஒரு பெண். ஊதுவதில்லை, கணினியில் ஏற்றுகிறாள். வருடக் கடைசியில் பட்டியல் எடுத்து, சாட்சிக் கையெழுத்துக்காகக் கட்டு அறைக்குக் கொண்டுவருவாள்.

"சிஸ்டர், இந்த ஒண்ணு மட்டும் வருஷா வருஷம் வந்துட்டே இருக்கு. ஆளும் இல்ல, கோட்டும் இல்ல. தள்ளிடலாமா?"

"வேண்டாம். இருக்கட்டும்" என்று சொல்லி, நர்ஸ் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள்.

வெள்ளைக் கோட்டு, எண் 43. துணிக்கிடங்குப் பொறுப்பாளர் பெயரில். வர வேண்டியது ஒன்று.